பதினோரு வாரம் தள்ளிப்போன கண் பரிசோதனை

என் டைரியில் மூன்று குறிகள் உண்டு. முடிந்த வேலைக்கு டிக். வேண்டாம் என்று விட்ட வேலைக்குக் குறுக்குக் கோடு. முடியாமல் அடுத்த வாரத்துக்குப் போகும் வேலைக்கு, வலப்பக்கம் பார்க்கும் ஓர் அம்பு. இவை நானாகக் கண்டுபிடித்தவை அல்ல. தூத்துக்குடியில் ஏற்றுமதிச் சரக்குகளுக்கு ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். அங்கே சனிக்கிழமை மாலை கிளம்புமுன், முடியாத ஒவ்வொரு வேலையையும் அடுத்த வாரப் பக்கத்தில் மறுபடி எழுதிவிட்டுப் பழைய வரிக்கு அம்பு போட வேண்டும். அம்பு போட்ட வேலை மறந்துபோன வேலை ஆகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டு டைரிக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

சென்ற வருடத்து டைரியில், மார்ச் இரண்டாம் வாரப் பக்கத்தில், நான்காவது வரி: "அவருக்கு விழித்திரைப் பரிசோதனை." பக்கத்தில் அம்பு. அடுத்த வாரம் அதே வரி, அதே அம்பு. இப்படிப் பதினோரு பக்கங்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து நன்றாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

என் கணவர் டக் மாஸ்டர். பெரிய கப்பல்கள் தாமாகத் துறைமுகத்துக்குள் திரும்ப முடியாது. இழுவைப் படகுகள்தான் அவற்றைத் தள்ளியும் இழுத்தும் கப்பல் தளத்தோடு ஒட்டி நிறுத்தும். அந்தப் படகை நாங்கள் டக் என்போம். ஒரு தனியார் கம்பெனியின் டக்கை அவர் பதினாறு வருடம் ஓட்டினார். நிலக்கரி கொண்டுவரும் கப்பல் ஒன்றின் பக்கவாட்டில், ஒரு சாண் இடைவெளியில், முட்டாமல் கொண்டுபோய் நிறுத்துவார். "கண்ணால அளக்கணும். கருவி சொல்லுததுக்குள்ள இடிச்சிரும்" என்பார்.

அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுவார், சில நாள் சாப்பிட மாட்டார். கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை நடக்கும். 'மெடிக்கல்' என்பார்கள். அதில் தகுதி என்று கையெழுத்து விழுந்தால்தான் இன்னொரு வருடம் டக்கில் கால் வைக்கலாம். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே டக்குக்காரர்கள் தயாராவார்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைப்பார்கள். சர்க்கரை உள்ளவர்கள் சோற்றை நிறுத்துவார்கள், காலையில் கடற்கரைச் சாலையில் வேகமாக நடப்பார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், மெடிக்கலுக்குப் படிப்பது. "என்ன மாஸ்டர், படிக்க ஆரம்பிச்சாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். கையெழுத்து விழுந்த அன்று மாலையே கூட்டமாகப் போய்ப் பொரிச்ச பரோட்டா சாப்பிடுவார்கள். பிறகு ஒன்பது மாதம் புத்தகத்தை மூடிவைத்துவிடுவார்கள்.

சென்ற வருடத்துக்கு முந்தைய வருட மெடிக்கலில், கம்பெனி அனுப்பும் மருத்துவர் என் கணவரிடம், "இந்த சுகரோட அடுத்த வருஷம் வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். ஆகவே மார்ச் மாதம் நானே அவரை ஒரு சர்க்கரை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பதினொன்றைத் தாண்டி நின்றது. அந்த டாக்டரம்மா நிதானமானவர். வாரம் ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்றை எழுதிக்கொடுத்தார். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றவேண்டும் என்றார்.

"மே கடைசியில எனக்கு மெடிக்கல் இருக்கு டாக்டர். அதுக்குள்ள எறங்கிருமா?"

"இறங்கும். ஆனா சுகரைப் படிப்படியா இறக்கணும். மாடியிலேர்ந்து குதிக்கக் கூடாது. கடைசியா ரெட்டினா எப்ப பாத்தீங்க?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் டைரியைப் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்த நாள் இருந்தது. மருந்து விட்டுக் கண்ணின் உள்ளே பார்த்த நாள் எந்த வருடத்து டைரியிலும் இல்லை.

"இந்த வாரமே பாத்துருங்க. அதைப் பாத்துட்டு ஆரம்பிக்கிறது நல்லது. இன்னொண்ணு, சுகர் மாறும்போது ஆரம்பத்துல பார்வை கொஞ்சம் மங்கலாகும், தெளியும். அதுக்காக உடனே புதுக் கண்ணாடி போட்ராதீங்க."

இரண்டையும் அங்கேயே எழுதிக்கொண்டேன். முதலாவதை வேலைகளில் எழுதினேன். இரண்டாவதைக் குறிப்புகளில் எழுதினேன். நான் இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இரண்டாவதைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அவர் சொல்லிவிட்டார். "இங்க பாரு, மெடிக்கலுக்கு முன்னாடி கண்ணு காயிதம் ஒண்ணும் நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"பாத்தா என்னங்க? நல்லா இருக்குன்னுதான் எழுதப்போறாங்க."

"நல்லா இருக்குன்னா எதுக்குக் காயிதம்? கண்ணாஸ்பத்திரியில நம்ம காலனி ஆளு நாலு பேராவது உக்காந்திருப்பான். மாஸ்டருக்குக் கண்ணுல சொட்டு விட்டாவன்னு ஒருத்தன் சொன்னாப் போதும்ளா. சாயங்காலத்துக்குள்ள எனக்குக் கண்ணே தெரியலன்னு ஆயிரும். மெடிக்கல் முடியட்டும். மறுநாளே போவோம்."

நான் மறுத்துப் பேசவில்லை. அவர் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது என்றுதான் எழுத வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்ததும் முதல் ஊசியைப் போட்டேன். தொப்புளுக்கு இடப்பக்கம். அடுத்த வாரம் வலப்பக்கம். இடம், நேரம், காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லாம் டைரியில் இருக்கிறது.

எண்கள் இறங்கின. முதல் நாள் 268. நான்காம் வாரம் 190. மருந்து பசியை அடக்கியது. அவர் அதற்கு மேலும் சோற்றை அடியோடு நிறுத்தி, காலையும் மாலையும் நடந்தார். எட்டாம் வாரம் 121. காலை ஆறு மணிக்கு விரலில் குத்திக் கருவியைப் பார்த்துவிட்டு, எண்ணை உரக்கச் சொல்வேன். அவர் பல் தேய்த்துக்கொண்டே, "பாஸா?" என்பார். "பாஸ்" என்பேன். எங்கள் வீட்டில் அப்படிச் சிரிப்பு கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. ஒன்பது கிலோ குறைந்துவிட்டார். கல்யாணச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பொத்தான் போட முடிந்தது.

சர்க்கரை மருத்துவரைப் பார்க்க வேண்டிய முறை ஏப்ரலில் ஒன்று வந்தது. அன்று எனக்கு அலுவலகத்தில் அவசர வேலை; அவர் தனியாகப் போனார். "கண் பாத்தாச்சான்னு கேட்டாங்களா?" என்று வந்ததும் கேட்டேன். "கேட்டாங்க. சொல்லிட்டேன்" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அம்பு போட்டேன்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள், "கடல்ல கெடக்க மிதவை வெளக்குக்கெல்லாம் தாடி மொளைச்ச மாதிரி கலங்கித் தெரியுதுளா" என்றார். சுகர் மாறும்போது மங்கலாகும் என்று டாக்டரம்மா சொன்னதை நான் குறிப்புப் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். "அப்போ மருந்து வேலை செய்யுது" என்றார். இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.

மே முதல் வாரத்தில் அவருடைய அண்ணன் வீட்டுக்கு வந்தார். அண்ணன், எனக்கு அத்தான் முறை, கடற்கரையோரத் திரேஸ்புரத்தில் இருக்கிறார். முப்பது வருடம் கடலுக்கு அடியில் சங்கு குளித்தவர். அந்த ஆழம் அவருடைய இரண்டு காதுகளையும் தின்றுவிட்டது. அவரோடு பேச வேண்டுமானால் தெருவே கேட்கும்படி பேச வேண்டும். அவர் கொண்டுவந்த சாளை மீனைக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவருக்கு இருமல் வந்தது. தொண்டையில் முள். கண்ணில் நீர் வரும்வரை இருமினார்.

"ஏலே, கடக்கரையில பொறந்தவன் சாள முள்ள முழுங்குதான் பாரு! கப்பல ஓட்டச் சொன்னா ஓட்டுதே, முள்ளப் பாத்து எடுக்கத் தெரியலயா?" அண்ணன் அவர் முதுகில் தட்டிச் சிரித்தார்.

"பேச்சு பராக்குல விட்டுட்டேன்."

"நீ எங்கன பேசின? நான்தாம்ல பேசிக்கிட்டு இருக்கேன்!"

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அன்று டைரியில் எழுதியிருக்கிறேன்: "சாளைக் குழம்பு. அத்தான் வந்தார். அவருக்கு முள் குத்தியது. காலை 118." கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் தொண்டையில் முள் சிக்கி நான் பார்த்ததே இல்லை. தட்டின் ஓரத்தில் முள்ளைக் கோடு போட்டதுபோல் அடுக்கிவைப்பவர். அதையும் சேர்த்து எழுதியிருந்தால், எழுதும்போதாவது எனக்கு உறைத்திருக்கும்.

மே கடைசி வாரம், வியாழக்கிழமை, மெடிக்கல். காலையில் 104. சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். "சாயங்காலம் சமைக்காத. பரோட்டா வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பதினொன்று நாற்பதுக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. "வீட்டுக்கு வாரியா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் சொன்னதிலிருந்துதான் நடந்தது எனக்குத் தெரியும். சர்க்கரைச் சீட்டைப் பார்த்த கம்பெனி மருத்துவர் எழுந்து கை கொடுத்திருக்கிறார். மூன்று மாதச் சராசரி ஏழுக்குக் கீழே வந்திருந்தது. "இப்படி ஒருத்தர் இறக்கி நான் பாத்ததில்ல மாஸ்டர்" என்றாராம். பிறகு கண். சுவரில் எழுத்துகள் ஒளிரும் பலகை. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கடைசி வரிவரை வாசித்திருக்கிறார். அடுத்து வலக்கண்ணை மூடச் சொன்னார்கள். மூடிக்கொண்டு, மேலிருந்து கீழாக, தடங்கல் இல்லாமல் எல்லா வரிகளையும் சொல்லியிருக்கிறார்.

மருத்துவர் அவர் பக்கத்தில் வந்து நின்றாராம். பிறகு மெதுவாக, "மாஸ்டர், நான் பலகைய மாத்திட்டேன். இது வேற எழுத்து" என்றாராம்.

மாற்றியதே இவருக்குத் தெரியவில்லை. வலக்கண்ணால் பார்த்தவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறார்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைச் சொன்னார். சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"மூணு வாரம் இருக்கும். நடுவுல அழுக்கு மாதிரி நிக்குது. பக்கத்துல பாத்தா தெரியும், நேரா பாத்தா இருக்காது."

"சாள முள்ளு?"

"அதுவுந்தான்."

"டக் ஓட்டினீங்களே?"

"வலது கண்ணு இருக்குல்லா. தூரம் மட்டும் பிடிபடல. அதான் ஒரு வாரமா தள்ளியே நிப்பாட்டுனேன். பையன்கள்ளாம் மாஸ்டருக்குப் பயம் வந்துட்டுன்னு கேலி பண்ணுதானுவ." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுப்பு சொல்லிவிட்டு, திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். எங்கள் காலனி ஆட்கள் ஒருவரும் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. முதலில் ஓர் இளம் பெண் மருத்துவர் வரலாறு கேட்டு எழுதினார். ஊசி ஆரம்பித்த நாள், அளவு ஏற்றிய நாட்கள், அந்தந்த வாரத்துச் சர்க்கரை எல்லாம் வேண்டும் என்றார். எல்லாம் என் கையில் தேதியோடு இருந்ததில் அவருக்கு ஆச்சரியம்.

நான் பக்கம் பக்கமாக வாசித்தேன். என் கணவர் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எண்களை வாசிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் அந்த நான்காவது வரி கண்ணில் பட்டது. அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன். ஐந்தாவது, ஆறாவது பக்கம் வரும்போது அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்னத்தளா விட்டுட்டு விட்டுட்டு வாசிக்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒவ்வொரு பக்கத்துலயும் ஓரிடத்துல நிக்க. இன்ஜின் சத்தம் ஒரு துடிப்பு விட்டாலே எனக்குத் தெரியும். என்னன்னு வாசி."

மருத்துவர் பேனாவை எடுத்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். நான் வாசித்தேன். "விழித்திரைப் பரிசோதனை. அம்பு." அடுத்த பக்கம். "விழித்திரைப் பரிசோதனை. அம்பு." எல்லாவற்றையும் வாசிக்க என் கணவர் விடவில்லை. கையை நீட்டி டைரியின் மேல் வைத்தார். விரல் கொஞ்சம் தள்ளி, என் மணிக்கட்டின் மேல்தான் விழுந்தது.

"நீ எழுதி வச்சிருக்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அதான் நான் பயப்படாம இருந்தேன். எழுதிட்டாள்னா எப்படியும் கூட்டிட்டுப் போயிருவாள்னு."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு சொட்டு மருந்து விட்டார்கள். இரண்டு கண்ணுக்கும் இரண்டிரண்டு சொட்டு, பத்து நிமிட இடைவெளியில் மறுபடியும். அவர் முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு, "இதுக்கா ஒளிஞ்சோம்?" என்று கேட்டார். கன்னத்தில் வழிந்த மருந்தை நான் துடைத்துவிட்டேன்.

உள்ளே பார்த்த பெரிய மருத்துவர் படங்களைத் திரையில் காட்டினார். இடக்கண்ணில் இரத்தம் கசிந்து, பார்வையின் நடுப்பகுதி வீங்கியிருந்தது. வலக்கண்ணிலும் ஆரம்பித்திருந்தது.

"அந்த ஊசியாலதானா டாக்டர்?" என்று கேட்டேன். ஆம் என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அப்படி ஊசி மேல மட்டும் பழி போட முடியாதும்மா. பன்னிரண்டு வருஷ சர்க்கரை உள்ள இருக்கிற ரத்தக் குழாயை எல்லாம் அரிச்சு வச்சிருக்கு. அப்படி ஏற்கெனவே பழுதான கண்ணுல, சர்க்கரை திடீர்னு இறங்கினா, சில பேருக்குக் கொஞ்ச காலம் இன்னும் மோசமாகும். அதனாலதான் முன்னாடியே பாக்கச் சொல்றது. பாத்திருந்தா லேசர் வச்சிருக்கலாம், மருந்தை இன்னும் மெதுவா ஏத்தியிருக்கலாம், மாசா மாசம் கண்ணைப் பாத்துக்கிட்டே போயிருக்கலாம்." என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "பாத்திருந்தாலும் முழுசாத் தப்பியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. நீங்களா ஊசியை நிறுத்திராதீங்க. உங்க சர்க்கரை டாக்டர்கிட்ட நானே பேசுறேன்" என்றார்.

அவர் என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. 'பாத்திருந்தா' என்றதையும் 'பாத்திருந்தாலும்' என்றதையும் அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்.

வலக்கண்ணுக்கு நான்கு முறை லேசர். இடக்கண்ணுக்குள்ளேயே ஊசி, மாதம் ஒன்றாக ஐந்து. டிசம்பரில் ஓர் அறுவை சிகிச்சை. வலக்கண் மேலும் கெடாமல் நின்றுவிட்டது. இடக்கண்ணின் நடுவில் அந்த அழுக்கு இருக்கிறது. இனி இருக்கும் என்றார்கள். டக் ஓட்ட இரண்டு கண்ணும் வேண்டும். கம்பெனி அவரை வேலையிலிருந்து அனுப்பவில்லை. கரையில், ஸ்டோரில் போட்டார்கள். டக்குகளுக்கு வேண்டிய கயிறு, பெயிண்ட், பல்பு எடுத்துக்கொடுக்கும் இடம். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியும் என்று கேள்விப்பட்டேன். அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்.

அண்ணன் வந்து பார்த்தார். தெருவே கேட்கும்படி, "எனக்குக் காது போச்சு, உனக்கு ஒரு கண்ணு போச்சு. ரெண்டு பேரையும் சேத்துக் கட்டினா ஒரு முழு ஆளு தேறுவோம்ல!" என்றார். என் கணவர் உண்மையாகவே சிரித்தார். அண்ணன்தான் அடுக்களைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தான் அழும் சத்தம் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. குழாய்ச் சத்தத்துக்கு மேல் அது கூடம் வரை கேட்டது.

நான் இப்போதும் டைரி எழுதுகிறேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் எதிரே வந்து உட்காருவார். "அம்பு ஏதும் நிக்கா?" என்பார். வாசிப்பேன். கேஸ் புத்தகம், மாடிக் கதவுக் கொண்டி, எதுவானாலும், "நாளைக்கே முடி. நானும் வாரேன்" என்பார். உடம்பு சம்பந்தமான எதற்கும் இப்போது எங்கள் வீட்டில் அம்பு கிடையாது. என் கண்ணையும், எனக்கு ஒன்றும் இல்லாதபோதே, கூட்டிப்போய்ப் பார்க்க வைத்தார்.

ஒரே ஒரு வரி மட்டும் பிப்ரவரியிலிருந்து நிற்கிறது. அவருடைய டக்கை இப்போது ஓட்டுபவர், ஒருநாள் சும்மா ஏறி உடன் வரும்படி அவரைக் கூப்பிட்டிருக்கிறார். கம்பெனியிலும் சரி என்று சொல்லிவிட்டார்கள். "எழுதிக்கோ" என்று அவர்தான் சொன்னார். எழுதினேன்: "ஒருமுறை டக்கில் போய்வர."

நேற்றுச் சனிக்கிழமை. அந்த வரியை வாசித்தேன். அவர் வலக்கண்ணால் டைரியையும் பிறகு என்னையும் பார்த்தார்.

"அடுத்த வாரம் போவோம்" என்றார்.

அது முடியாத வேலை அல்ல, வேண்டாம் என்று விட்ட வேலை என்று எனக்குத் தெரியும். குறுக்குக் கோடுதான் போட வேண்டும். புதிய பக்கத்தைத் திருப்பி, அதை நான்காவது வரியாக மறுபடி எழுதி, பழையதற்கு அம்பு போட்டேன்.